ஒரு கேபிளா, இரண்டு கேபிளா: கணினிக்கு மானிட்டர் இணைக்கும் வழிகள்

புதிதாக வாங்கிய 4கே மானிட்டரை மடிக்கணினியுடன் இணைத்த முதல் நாளில், படத்தின் தெளிவில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. எழுத்துகள் தாளில் அச்சிட்டவை போலவே இருந்தன. ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி கைக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வந்தது. பக்கத்தை உருட்டினால் வரிகள் விட்டுவிட்டு நகர்ந்தன. மானிட்டர்தான் பழுது என்று முடிவு கட்டி, அதைத் திருப்பி அனுப்புவதற்காகப் பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். அமைப்புகளுக்குள் சென்று பார்த்த பிறகே, திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதற்குப் பதிலாக 30 முறை மட்டுமே புதுப்பிக்கப்படுகிறது என்பது புரிந்தது. மானிட்டரும் கணினியும் 60 ஹெர்ட்ஸுக்குத் தகுதியானவைதாம். இரண்டுக்கும் நடுவே நான் செருகியிருந்த சிறிய ஹப் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்களாக்கிக் கொடுக்கும் கருவி) ஒன்றுக்குத்தான் அந்தத் தகுதி இல்லை.

இணைப்பு வழியைத் தேர்ந்தெடுப்பதில் முதலில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு எளிமையானது. 4கே திரையில் 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொரு பிக்சலுக்கும் 24 பிட் என்று வைத்து, அத்தனையையும் நொடிக்கு 60 முறை அனுப்ப வேண்டுமானால், படத்துக்கு மட்டுமே நொடிக்கு ஏறத்தாழ 12 ஜிகாபிட் தேவைப்படுகிறது; இடையிடையே விடப்படும் வெற்றிடங்களைச் சேர்த்தால் அது இன்னும் சற்றுக் கூடும். 2560 × 1440 திரைக்கு இதே கணக்கு 5.3 ஜிகாபிட்டிலும், 1920 × 1080 திரைக்கு 3 ஜிகாபிட்டிலும் முடிந்துவிடும். ஆகவே சாதாரண 1080 திரை ஒன்றை அலுவலக வேலைக்காக இணைப்பவர், கணினியில் எந்தப் போர்ட் இருக்கிறதோ அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். இக்கட்டுரையின் பெரும்பகுதி அவருக்குத் தேவைப்படாது. 4கே அல்லது 100 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட திரை வாங்குபவருக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட திரைகளை வைக்க நினைப்பவருக்கும்தான் வழிகளுக்கிடையிலான வேறுபாடு கண்ணில் படத் தொடங்கும்.

பழையவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். 1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விஜிஏ, படத்தை அனலாக் அலையாக அனுப்புவது; பழைய கணினியோ புரொஜெக்டரோ கையில் இருந்தாலொழிய அதை நாட வேண்டியதில்லை. டிவிஐ போர்ட் மட்டுமே உள்ள நல்ல திரை ஒன்று சும்மா கிடந்தால், எச்டிஎம்ஐயிலிருந்து டிவிஐக்கு மாற்றும் எளிய கேபிள் போதும். இரண்டும் படத்துக்கு ஒரே வகை மின்குறியைத்தான் பயன்படுத்துகின்றன. ஒலி மட்டும் தனியாகப் போக வேண்டியிருக்கலாம்.

மேசைக் கணினி வைத்திருப்பவருக்கு உண்மையான தேர்வு எச்டிஎம்ஐக்கும் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கும் இடையில்தான். வேகத்தை வைத்து மட்டும் பார்த்தால் இன்றைய நிலையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0இன் பெயரளவு வேகம் 18 ஜிகாபிட். குறியாக்கத்துக்குப் போக எஞ்சும் 14.4 ஜிகாபிட்டில் 4கே 60 ஹெர்ட்ஸ் தாராளமாக அடங்கும். அதற்கு முந்தைய 1.4இல் எஞ்சுவது 8.16 மட்டுமே என்பதால், முழு நிறத்தோடு 4கே படம் 30 ஹெர்ட்ஸில் நின்றுவிடும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2இலேயே 17.28 ஜிகாபிட் கிடைக்கிறது. 2014இல் வந்த 1.3இல் அது 25.92 ஆக உயர்ந்தது; 2016இல் வந்த 1.4இலும் அதே அளவுதான். எச்டிஎம்ஐ 2.1 பெயரளவில் 48 ஜிகாபிட் வரை போகும். ஆனால் பெட்டியின் மேல் 2.1 என்று அச்சிட்டிருப்பதாலேயே அந்த வேகம் முழுவதும் உள்ளே இருக்கிறது என்று பொருளல்ல. அந்தப் பதிப்பின் பல அம்சங்கள் கட்டாயமானவை அல்ல. ஆகவே பதிப்பு எண்ணைக் காட்டிலும், அந்தப் போர்ட்டில் எந்தத் தெளிவுத்திறனுக்கு எத்தனை ஹெர்ட்ஸ் என்று மானிட்டரின் கையேட்டில் தரப்பட்டிருக்கும் வரியை நம்புவதே நல்லது. சில விளையாட்டு மானிட்டர்களில் முழு ஹெர்ட்ஸும் டிஸ்ப்ளேபோர்ட்டில் மட்டுமே கிடைக்கும், எச்டிஎம்ஐயில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும் என்பது அந்த வரியைப் படித்தால்தான் தெரியவரும்.

ஆனாலும் மேசைக் கணினிக்கு நான் டிஸ்ப்ளேபோர்ட்டையே பரிந்துரைப்பேன். அதற்குக் காரணம் வேகம் அல்ல, இரண்டின் பிறப்பிடம். எச்டிஎம்ஐ தொலைக்காட்சிக்காகப் பிறந்தது. 2002இல் வெளியானபோது அதன் நோக்கம் வீட்டின் வீடியோ கருவிகளை ஒரே கேபிளால் தொலைக்காட்சியோடு இணைப்பதுதான். அந்தப் பழக்கம் இன்னும் அதைவிட்டுப் போகவில்லை. எதிரே இருப்பது தொலைக்காட்சி என்று கணினி எண்ணிக்கொண்டால், நிறத்தை 0 முதல் 255 வரை முழுமையாக அனுப்பாமல், வீடியோ மரபுப்படி 16 முதல் 235 வரை சுருக்கி அனுப்பும்; அதை மானிட்டர் முழு வீச்சாக எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாக வெளுத்துத் தெரியும். சில சமயம் படத்தின் ஓரங்கள் திரைக்கு வெளியே வெட்டுப்படும். இன்னும் சில சமயம் நிறத் தகவல் பாதியாகக் குறைக்கப்பட்டு, வெள்ளைப் பின்னணியில் உள்ள சிவப்பு, நீல எழுத்துகளின் விளிம்பு மங்கிப்போகும். இவை எல்லாவற்றையும் கிராஃபிக்ஸ் அமைப்பில் ஆர்ஜிபி, முழு வீச்சு என்று மாற்றிச் சரிசெய்யலாம். ஆனால் அப்படி ஒரு அமைப்பு இருக்கிறது என்று அறியாதவர், திரையே மட்டம் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் வெளுத்த கறுப்போடு வாழ்ந்துவிடுவார். 2006இல், கணினித் திரைகளுக்கான தரங்களை வகுக்கும் விஈஎஸ்ஏ அமைப்பு வெளியிட்ட டிஸ்ப்ளேபோர்ட் தொடக்கம் முதலே கணினித் திரைக்காகத் திட்டமிடப்பட்டதால், இத்தகைய குழப்பங்கள் அதில் மிகக் குறைவு.

லினக்ஸ் பயன்படுத்துபவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. எச்டிஎம்ஐ 2.1க்கான திறந்த மூல டிரைவர் (கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) ஒன்றை வெளியிட, சிப் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் முன்வைத்த திட்டத்தை, எச்டிஎம்ஐ விதிகளை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024இல் ஏற்க மறுத்தது. அதிக ஹெர்ட்ஸில் 4கே வேண்டும் என்று நினைக்கும் லினக்ஸ் பயனர் டிஸ்ப்ளேபோர்ட் பக்கம் நின்றால், இந்தச் சிக்கலுக்குள் போகவே வேண்டியிருக்காது.

இரண்டையும் கலக்கும்போது ஒரு பொறி இருக்கிறது, அதில் விழாதவர் குறைவு. கணினியில் டிஸ்ப்ளேபோர்ட்டும் மானிட்டரில் எச்டிஎம்ஐயும் இருந்தால், பெரும்பாலும் எளிய கேபிள் ஒன்றே போதும். கணினியின் போர்ட்டே எச்டிஎம்ஐ மின்குறியை அனுப்பக் கற்றிருக்கும். கணினியில் எச்டிஎம்ஐயும் மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட்டும் இருந்தால், அதே கேபிளைத் திருப்பி மாட்டினால் திரை இருண்டே கிடக்கும். அந்தத் திசைக்கு உள்ளே சிப் வைத்து, பல சமயம் தனியாக யூஎஸ்பி மின்சாரமும் எடுக்கும் மாற்றி தேவை. இரு முனைகளும் பொருந்துகின்றன என்பதற்காக ஒரு கேபிள் இரு திசையிலும் வேலை செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. அதோடு, தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மேசைக் கணினியில் கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். மதர்போர்டின் போர்ட் கைக்கு எட்டுகிறது என்று அங்கே செருகினால், படம் வராமலும் போகலாம். வந்தாலும் கார்டின் பயன் முழுமையாகக் கிடைக்காமலும் போகலாம்.

மடிக்கணினிக்கு வந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. அங்கே எது வேகமானது என்று கேட்பதைவிட, ஒரு நாளைக்கு எத்தனை முறை கழற்றி மாட்டுகிறோம் என்று கேட்பதே பயன் தரும். காலையில் வெளியே எடுத்துச் சென்று மாலையில் மேசைக்குத் திரும்பும் கணினி என்றால், திரைக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று, விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் ஒவ்வொன்று என்று நான்கு முனைகளை நாள்தோறும் தேடிச் செருகுவது விரைவிலேயே சலித்துவிடும். சில வாரங்களில் அந்த மானிட்டர் பயன்படுத்தப்படாமல் தூசி படிந்துவிடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். அத்தகையவருக்கு, யூஎஸ்பி-சி வழியாகப் படத்தை வாங்கிக்கொண்டு அதே கேபிளில் மின்சாரத்தையும் திருப்பிக் கொடுக்கும் மானிட்டர் உண்மையான வசதி. விசைப்பலகையும் மவுஸும் மானிட்டரின் பின்னால் நிரந்தரமாக இருக்கும்; கணினியில் ஒரு முனையைச் செருகினால் எல்லாம் உயிர் பெறும்.

ஆனால் இந்த ஒரே கேபிள் வழியில்தான் நிபந்தனைகளும் அதிகம். முதலாவதாக, யூஎஸ்பி-சி என்பது முனையின் வடிவத்துக்கான பெயர்தான். அதன் வழியே படம் போகும் என்ற உறுதி அந்தப் பெயரில் இல்லை. கணினியின் அந்தக் குறிப்பிட்ட போர்ட், டிஸ்ப்ளேபோர்ட் படத்தை யூஎஸ்பி-சி முனை வழியே அனுப்பும் மாற்றுமுறையை ஏற்க வேண்டும். போர்ட்டின் அருகே டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ தண்டர்போல்ட் என்ற, அதே முனை வழியே செல்லும் அதிவேக இணைப்பின் மின்னல் சின்னமோ இருந்தால் நம்பலாம். சின்னம் எதுவும் இல்லையென்றால் அந்த மாடலின் விவரப் பக்கத்தைப் பார்க்காமல் மானிட்டர் வாங்கக் கூடாது. இரண்டு யூஎஸ்பி-சி போர்ட் உள்ள கணினிகளில் ஒன்று மட்டுமே படம் அனுப்புவதும் உண்டு. இரண்டாவதாக, கேபிளும் தகுதியானதாக இருக்க வேண்டும். கைபேசியோடு வரும் யூஎஸ்பி-சி கேபிள்களில் பெரும்பாலானவற்றில் மின்சாரத்துக்கும் மெதுவான யூஎஸ்பி 2.0 தரவுக்கும் மட்டுமே கம்பிகள் இருக்கும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் படத்துக்குரிய தடங்கள் அதில் இல்லவே இல்லை. மானிட்டரோடு பெட்டியில் வந்த கேபிளை வேறு எதற்கும் எடுக்காமல் அங்கேயே விட்டுவைப்பது நல்ல பழக்கம்.

மூன்றாவது நிபந்தனைதான் என்னை முதல் நாளில் வீழ்த்தியது. யூஎஸ்பி-சி கேபிளுக்குள் அதிவேகத் தடங்கள் நான்கு. நான்கையும் படத்துக்கே கொடுத்துவிட்டால், மிச்சத் தரவுகள் யூஎஸ்பி 2.0 வேகத்தில்தான் போக முடியும். வேகமான யூஎஸ்பி 3 தரவும் வேண்டும் என்றால் இரண்டு தடங்கள் அதற்குப் போய்விடும், படத்துக்கு இரண்டே மிஞ்சும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் இரண்டு தடங்களின் பயன்படும் கொள்ளளவு 8.64 ஜிகாபிட், 4கே 60 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 12 தேவை என்று முன்பு பார்த்தோம். ஆகவே படம் 30 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. என்னுடைய ஹப்பில் எச்டிஎம்ஐயும் யூஎஸ்பி 3 போர்ட்களும் சேர்ந்தே இருந்தன. விற்பனைப் பெட்டியில் '4கே' என்று பெரிதாகவும், '30 ஹெர்ட்ஸ்' என்று பூதக்கண்ணாடிக்கு வேலை வைக்கும் எழுத்திலும் அச்சிட்டிருந்தார்கள். கணினி, ஹப் அல்லது மானிட்டர் என்று வழியில் உள்ள எல்லாமே டிஸ்ப்ளேபோர்ட் 1.4ஐ ஏற்குமானால், இரண்டு தடங்களிலேயே 12.96 ஜிகாபிட் கிடைத்து 4கே 60 ஹெர்ட்ஸ் மயிரிழையில் பொருந்திவிடும். சில யூஎஸ்பி-சி மானிட்டர்களின் மெனுவில், அதிக தெளிவுத்திறனா அதிக தரவு வேகமா என்று கேட்கும் ஓர் அமைப்பு இருப்பதற்கும் இந்தத் தடப் பங்கீடே காரணம். விசைப்பலகை, மவுஸ் மட்டும் செருகுபவர் யோசிக்காமல் படத்தின் பக்கம் முடிவெடுக்கலாம். வெளி வன்தட்டில் பெரிய கோப்புகளை நகர்த்துபவர்தான் தயங்க வேண்டியவர்.

நான்காவது, மின்சாரம். மானிட்டர் எத்தனை வாட் கொடுக்கிறது என்பதைக் கணினியின் சார்ஜரில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணோடு ஒப்பிட வேண்டும். 65 வாட் சார்ஜரோடு வந்த மெல்லிய மடிக்கணினிக்கு 65 வாட் தரும் மானிட்டர் போதும். தனி கிராஃபிக்ஸ் சிப்போடும் 130 வாட்டுக்கு மேற்பட்ட சார்ஜரோடும் வரும் கணினியை அதில் செருகினால், சாதாரண வேலையில் சமாளித்துக்கொண்டு, கடுமையான வேலை தொடங்கியதும் செருகியிருக்கும்போதே பேட்டரி மெல்லக் கரையும். 2021இல் வந்த புதிய மின்வழங்கல் விதி 240 வாட் வரை அனுமதித்தாலும், மானிட்டர்கள் பெரும்பாலும் 100 வாட்டுக்குள்ளேயே நிற்கின்றன. அப்படிப்பட்ட கணினி வைத்திருப்பவர் யூஎஸ்பி-சி மானிட்டருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். சார்ஜர் எப்படியும் மேசையில் இருக்கத்தான் போகிறது.

கணினியில் யூஎஸ்பி-சி படம் அனுப்பும், ஆனால் மானிட்டரில் அந்தப் போர்ட் இல்லை என்ற இடைநிலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு முனையில் யூஎஸ்பி-சியும் மறுமுனையில் டிஸ்ப்ளேபோர்ட்டும் உள்ள நேரடிக் கேபிள் இதற்குப் போதும். நடுவில் ஹப் இல்லாததால் நான்கு தடங்களும் படத்துக்கே போகின்றன. மின்சாரம் மட்டும் தனிக் கேபிளில் வரும். நாளுக்கு ஒரு முறை கழற்றுபவருக்கு இரண்டு முனைகள் ஒரு சுமையே அல்ல என்பது என் கருத்து. ஒரே கேபிள் வசதிக்காகத் திரையின் தரத்தில் ஒரு படி இறங்குவதைவிட, நல்ல திரையை வாங்கி இரண்டு முனைகளைச் செருகுவது மேல்.

இரண்டு வெளித்திரைகள் வேண்டும் என்றால் கணக்கு மீண்டும் மாறுகிறது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது போர்ட்களின் எண்ணிக்கையை அல்ல, கணினியின் சிப் எத்தனை திரைகளை ஓட்டும் என்பதை. ஆப்பிளின் எம்1, எம்2 அடிப்படைச் சிப் கொண்ட மேக்புக்குகள் ஒரு வெளித்திரையை மட்டுமே நேரடியாக ஏற்கும். எத்தனை விலையுயர்ந்த டாக்கை (ஹப்பின் பெரிய வடிவமான மேசைக் கருவி) வாங்கினாலும் அந்த வரம்பு நகராது. எம்3 மேக்புக் ஏர், மடிக்கணினியின் மூடியை மூடினால் இரண்டு வெளித்திரைகளை ஏற்கும். விண்டோஸ் கணினிகளில், எம்எஸ்டி என்ற முறையால் ஒரே டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பை டாக் இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும். மேக் இயங்குதளத்தில் அந்தப் பிரிப்பு தனித்தனித் திரைகளைத் தராது. இரண்டிலும் ஒரே படம்தான் வரும். அலுவலகத்தில் விண்டோஸ் கணினிகளோடு நன்றாக ஓடிய டாக்கை வீட்டிலுள்ள மேக்கில் செருகி ஏமாறுபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். தண்டர்போல்ட் 4 சான்று பெற்ற கணினி குறைந்தது இரண்டு 4கே திரைகளை ஏற்றாக வேண்டும் என்பது விதி. ஆகவே இரண்டு திரைகள் என்று முடிவெடுத்துவிட்டு இனிமேல்தான் கணினி வாங்கப்போகிறவர், அந்தச் சான்றைப் பார்த்து வாங்கினால் பாதி யோசனை மிச்சம்.

சிப்பின் வரம்பைத் தாண்ட ஒரு பக்கவாட்டு வழி உண்டு. டிஸ்ப்ளேலிங்க் வகை அடாப்டர்கள், கணினியின் கிராஃபிக்ஸ் போர்ட்டைத் தொடாமல், மென்பொருளால் திரைப் படத்தைச் சுருக்கிச் சாதாரண யூஎஸ்பி தரவாக அனுப்புகின்றன; அடாப்டருக்குள் இருக்கும் சிப் அதை விரித்துத் திரைக்குக் கொடுக்கிறது. கடிதம், கணக்குத்தாள், மின்னஞ்சல் போன்றவற்றுக்கு இது குறையின்றி வேலை செய்யும். ஆனால் டிரைவர் மென்பொருளை நிறுவ வேண்டும். சுருக்கும் வேலை கணினியின் மையச் செயலியின் (சிபியு) தலையில் விழும். வேகமான அசைவுகளில் அது தெரியும். மேக்கில் திரைப்பதிவு அனுமதியும் கேட்கும். நகல் தடுப்புள்ள படங்கள் இந்தத் திரையில் கறுப்பாகவே தெரிவதும் வழக்கம். எம்1 கணினி வைத்திருந்து இரண்டாவது திரையில் ஆவணங்களை மட்டும் திறந்து வைப்பவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்; படத்தொகுப்புக்கும் விளையாட்டுக்கும் சொல்ல மாட்டேன்.

கம்பியில்லா இணைப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மிராகாஸ்ட்டோ ஏர்பிளேயோ, படத்தைச் சுருக்கிக் காற்றில் அனுப்பி மறுபக்கம் விரிப்பதால், விசையைத் தட்டுவதற்கும் எழுத்து தோன்றுவதற்கும் இடையே கையால் உணரக்கூடிய தாமதம் விழுகிறது. கூட்டத்தில் ஒரு படத்தைக் காட்ட ஏற்றது. எட்டு மணி நேரம் தட்டச்சு செய்ய ஏற்றதல்ல.

எந்த வழியைத் தேர்ந்தாலும், இணைத்த அன்றே இரண்டு எண்களைப் பார்த்துவிட வேண்டும். விண்டோஸில் திரை அமைப்பின் மேம்பட்ட பகுதியிலும், மேக்கில் திரைகளுக்கான அமைப்பிலும், தெளிவுத்திறனும் புதுப்பிப்பு வீதமும் காட்டப்படும். மானிட்டரின் பெட்டியில் உள்ள எண்களோடு அவை பொருந்தவில்லை என்றால், வழியில் ஏதோ ஒன்று குறுகலாக இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, முதலில் ஹப்பை நீக்கி, பிறகு கேபிளை மாற்றி, பிறகு போர்ட்டை மாற்றிப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கியவர்கள், அமைப்பில் தாங்களே சென்று மாற்றாததால் மாதக்கணக்கில் 60இல் ஓட்டிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். எண்கள் சரியாக இருந்தும் எழுத்து பொடியாகத் தெரிந்தால் அது இணைப்பின் குறை அல்ல. 27 அங்குல 4கே திரையில் அங்குலத்துக்கு 163 பிக்சல்கள் நெருங்கி நிற்பதால், எழுத்துகளைப் பெரிதாக்கும் அளவிடல் அமைப்பை 150 சதவீதம் அளவுக்கு உயர்த்த வேண்டியிருக்கும்; அதே அளவுள்ள 1440 திரையில் அங்குலத்துக்கு 109தான் என்பதால், பலருக்கு 100 சதவீதமே போதும்.

நான் அந்த மானிட்டரைத் திருப்பி அனுப்பவில்லை. ஹப்பைக் கழற்றிவிட்டு, யூஎஸ்பி-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு நேரடியாகப் போகும் கேபிள் ஒன்றை மாட்டியதும் அமைப்பில் 60 என்ற எண் தோன்றியது, அம்புக்குறியும் கைக்கு அடங்கியது. மின்சாரத்துக்கு இன்னொரு கேபிள் பக்கத்திலேயே கிடக்கிறது. அந்த ஹப் இப்போது விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் மட்டும் பயன்படுகிறது. அதன் எச்டிஎம்ஐ துளையை ஒரு துண்டு நாடாவால் மூடி வைத்திருக்கிறேன்.